எஞ்சுதடை விகிதமா, தூய்மை விகிதமா?

வணக்கம்.

ஆய்வகங்களில் ஆர்.ஆர்.ஆர். என்று சொல்கிற ரெசிடுவல் ரெசிஸ்டன்ஸ் ரேஷியோவுக்குத் தமிழில் 'தூய்மை விகிதம்' என்ற பெயரே போதும், கேட்டவுடன் புரியும் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) செய்யப் பயன்படும் உலோகப் படலத்துக்கு அறை வெப்பநிலையில் உள்ள மின்தடையை, நன்கு குளிர்ந்தபின் உள்ள மின்தடையால் வகுக்கிறோம், அவ்வளவுதான். குளிரக் குளிர அணுக்களின் அதிர்வு அடங்கி அதனால் வந்த தடை போய்விடும். மாசு, படிகக் குறை, படிகமணிகளின் எல்லை, இவற்றால் வருவது மட்டும் எஞ்சும். படலம் மிக மெல்லியதாக இருந்தால் எலக்ட்ரான்கள் அதன் பரப்பிலேயே மோதிச் சிதறுவதும் இதில் சேரும். அப்படியிருக்க, உலோகம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் மெல்லிய படலத்தில் இந்த எண் குறைந்துதான் வரும். துகள் முடுக்கிகளில் துகள்களுக்கு ஆற்றல் ஊட்டும், நியோபியம் என்ற உலோகத்தால் ஆன குழிகளுக்கு 300-ம் அதற்கு மேலும் கேட்பார்கள், படலத்தில் ஒற்றை இலக்கம் வந்தாலும் வியப்பில்லை. அதைத் தூய்மை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, எண் உயர்ந்தால் கியூபிட் நன்றாக இருக்கும் என்று ஆகாது. ஆற்றல் இழப்பில் பெரும்பங்கு உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடிலும் அடித்தளத்தோடு சேரும் இடத்திலும் நடக்கிறது, இந்த அளவீடு அதைப் பார்ப்பதே இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2021-இல் டாண்டலம் என்ற உலோகத்தால் செய்த கியூபிட் தன் நிலையை 0.3 மில்லிநொடிக்கு மேல் தக்கவைத்தபோதும் பேச்சு அந்த ஆக்சைடைப் பற்றித்தான். ஆனால் டாண்டலத்தில் வேண்டிய ஆல்ஃபா படிக வடிவம் வந்ததா, வேண்டாத பீட்டா வந்ததா என்பதை இந்த விகிதம் பளிச்சென்று காட்டும். பீட்டாவில் அது ஏறக்குறைய 1-லேயே நிற்கும்.

ஆகவே பெயர், அளப்பதைச் சொல்லட்டும்; தரத்தைத் தீர்ப்பது பிறகு. என் பரிந்துரை 'எஞ்சுதடை விகிதம்'. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை, நாவுக்கும் எளிது. 'எச்சத்தடை' வேண்டாம், எச்சம் என்றால் இலக்கணமும் பறவையும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

நியோபியமும் டாண்டலமும் மீக்கடத்திகள், மிகவும் குளிர்ந்தால் தடை சுழியாகிவிடுமே, எஞ்சுவது எது என்று கேட்பவர்களுக்காக வரையறையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: குளிர்நிலை அளவீடு மாறுநிலை வெப்பநிலைக்கு (தடை சுழியாகும் வெப்பநிலைக்கு) சற்று மேலே எடுக்கப்படும். நியோபியம் 9.2 கெல்வினில் மாறுகிறது, அதற்கு 10 கெல்வின் சரி. ஆல்ஃபா டாண்டலத்துக்கு 4.4 என்பதால் 5 போதும். அப்புறம், வகுப்பதில் அறை வெப்பநிலைத் தடைதான் மேலே என்பதையும் எழுதிவிட வேண்டும், பெயரை மட்டும் பார்த்தால் தலைகீழாகப் போட வாய்ப்பிருக்கிறது.

'தூய்மை' வேண்டும் என்பவர்கள் மெல்லிய படலக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், பேசலாம்.