தூண்டில் போட வந்தவருக்குப் பூச்சி ஆராய்ச்சி எதற்கு?

நீரோட்டம்:

ஃப்ளை ஃபிஷிங், அதாவது இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சியை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிக்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. போன வாரம் மூன்று பேராக ஆற்றுக்குப் போயிருந்தோம். விடிந்து சிறிது நேரத்திலேயே ட்ரௌட் மீன் மேலே வந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. கூட வந்தவர் கழியை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டுகிறார், வெள்ளைத் தட்டில் எதையோ அலசி விடுகிறார், லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் நிமிர்ந்தபோது மீன் அடங்கிவிட்டது.

பூச்சியைப் படிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஃப்ளை போடுகிறவனுக்கு அது கட்டாயம் என்று சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. பதினான்கு வருடமாக ஐந்தாறு ஃப்ளைகளை வைத்துக்கொண்டே மீன் பிடிக்கிறேன். மீன் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து மறுப்பதில்லை. ஃப்ளை ஓட்டத்தோடு போகாமல் தூண்டில் நரம்பு இழுத்த இழுப்புக்கு வருகிறதே, அதைப் பார்த்துத்தான் மறுக்கிறது. ஆடம்ஸ் ஃப்ளை 1922-ல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டியது. எந்த ஒரு பூச்சியின் அச்சும் அதில் இல்லை, சாம்பல் நிறத்தில் பொதுவாக ஒரு பூச்சி போல இருக்கும், அவ்வளவுதான். நூறு வருடம் தாண்டியும் அது இல்லாத பெட்டி இல்லை. ஜப்பானில் தென்காரா முறையில் பிடிப்பவர்கள் பலர் ஒரே வகை கெபாரியை, அதாவது அவர்கள் ஊர் ஃப்ளையைத்தான் எல்லாப் பருவத்திலும் போடுகிறார்கள். அளவு சரி, ஓட்டம் சரி, அப்புறம் பெயர் எதற்கு?

கல்புரட்டி:

நண்பரே, அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி. மீன் மேலே தின்னும்போது கீழே கல்லைப் புரட்டுவது வீண். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது தண்ணீரின் மேல்தோலை.

என்னுடைய ஒரு மாலையைச் சொல்கிறேன். மடுவின் கடைசியில், தண்ணீர் வழுக்கிக்கொண்டு வெளியேறும் இடத்தில், மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சிகள் சிறகைப் பாய்மரம்போல நிமிர்த்திக்கொண்டு வரிசையாக மிதந்து வந்தன. சுற்றிலும் மீன் எழும்புகிறது. அதே அளவில், அதே நிறத்தில் ஒரு ஃப்ளையைப் போட்டேன். இழுப்பே இல்லை, பஞ்சுபோல மிதந்தது. நாற்பது நிமிடம், ஒன்றும் தொடவில்லை. கழியைக் கீழே வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு மீனை மட்டும் பார்த்தேன். மிதந்து வந்த பூச்சி அதன் தலைக்கு மேலேயே போனது, தொடவில்லை. தண்ணீருக்கு வெளியே தெரிந்தது முதுகும் வால் நுனியும்தான், வாய் தெரியவில்லை. எழும்பிய இடத்தில் குமிழியும் இல்லை. மேலே மிதப்பதை விழுங்கும் மீன் காற்றையும் சேர்த்து விழுங்கும், அதனால் பெரும்பாலும் குமிழி விட்டுப் போகும். இது ஒரு விரல் ஆழத்தில், தோலுரிக்க மேலே வந்துகொண்டிருந்த நிம்ஃபை, அதாவது இன்னும் சிறகு விரியாத இளம் பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. கத்தரியால் என் ஃப்ளையின் சிறகை வெட்டிவிட்டு, மூழ்கட்டும் என்று ஈர மண்ணைத் தேய்த்தேன். மூன்றாவது வீச்சில் பிடித்தது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

நீரோட்டம்:

நல்ல அனுபவம். ஆனால் இது மீனைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இதற்குப் பூச்சியியல் எங்கே வேண்டியிருந்தது? குமிழி இல்லை என்றால் நானும் ஃப்ளையை மூழ்கடித்திருப்பேன்.

பழைய கழி:

இந்தச் சண்டை உங்கள் இருவரோடு ஆரம்பித்ததில்லை. ஹால்ஃபோர்ட் என்ற ஆங்கிலத் தூண்டில்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஆறுகளில் மிதக்கும் ஃப்ளைதான் முறை என்று நிறுவினார். ஸ்கூஸ் என்ற இன்னொருவர், தாம் பிடித்த மீனின் வயிற்றில் இருந்ததை வெள்ளைத் தட்டில் அலசிப் பார்த்து, மீன் தின்பது பெரும்பாலும் நீருக்கடியில் இருக்கும் நிம்ஃபைத்தான், அதை ஏன் போடக் கூடாது என்று கேட்டார். 1938-ல் லண்டனில் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே விவாதம் கூட்டினார்கள். அப்போது ஸ்கூஸுக்கு ஏறக்குறைய எண்பது வயது. இன்றைக்கு நிம்ஃப் போடாதவர் யார்? அந்தத் தட்டைப் பார்த்த கண்ணால்தான் இது வந்தது. அதனால் தட்டைக் குறைத்துப் பேசாதீர்கள்.

கல்புரட்டி:

நீரோட்டம், எங்கே வேண்டியிருந்தது என்று கேட்டீர்கள். மேஃப்ளை நிம்ஃப் நடுத்தண்ணீரில் நீந்தி மேலே வந்து தோலுரிக்கும் என்று தெரிந்ததால்தான் சிறகை வெட்டினேன். ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு கூட்டத்து நீர்ப்பூச்சியாக இருந்தால் வெட்டியும் பயன் இல்லை. அது மேலே நீந்தாது, அடியிலேயே ஊர்ந்து கரைக்கு வந்து கல்மேல் ஏறித்தான் சட்டையைக் கழற்றும். அந்த நேரத்தில் பெரிய மீனெல்லாம் கரையை ஒட்டி நிற்கும், நாம் நடு ஆற்றில் வீசிக்கொண்டிருப்போம். கேடிஸ் என்ற மூன்றாவது கூட்டத்தில் பலவற்றின் கூட்டுப்புழு வேகமாக மேலே ஏறும். துரத்தும் மீனும் வேகமாக வரும், தண்ணீர் சிதறும். சில கேடிஸ் பெண்பூச்சிகள் முட்டையிட வரும்போது தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடும். அந்த நேரத்தில் நீங்கள் குற்றம் என்று சொல்லும் அதே இழுப்புதான் மீனை வரவழைக்கும்.

அளவும் ஓட்டமும் போதும் என்கிறீர்கள். எந்த ஓட்டம் என்பதைப் பூச்சிதானே முடிவு செய்கிறது?

நீரோட்டம்:

இது நியாயமான பேச்சு. பூச்சியின் நடை தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மூன்று கூட்டத்தைப் பிரித்தறிந்தால் போதும். லத்தீன் பெயர் வரைக்கும் போவது ஏன்? என் நண்பர் தட்டில் தேடியது அதைத்தான்.

தக்கை:

எனக்கு வேறு வருத்தம். நீங்கள் எல்லோரும் கல்லைப் புரட்டுவதைச் சாதாரணமாகப் பேசுகிறீர்கள். ஆற்றின் அடிக்கல் யாருடைய வீடு? கேடிஸ் புழு தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையும் குச்சியையும் ஒட்டி ஒட்டிக் கூடு கட்டியிருக்கும். அதைப் பிய்த்துத் தட்டில் போட்டு, படம் எடுத்து, கல்லை எங்கேயோ வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் அந்தக் கல் வெயிலில் காய்ந்து கிடக்கும், அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த கூடுகளோடு. ட்ரௌட் முட்டையிடுவது சரளைக்குள்ளே. அதன்மேல் பூட்ஸ் காலோடு நடந்து வலையில் அரித்துப் பார்ப்பதற்கு ஆர்வம் என்று பெயர் வைக்காதீர்கள். மீனைத் திரும்ப விடுகிறோம் என்று பெருமைப்படுகிறோம், அதன் முட்டையை மிதிக்கிறோம்.

மாலைவெயில்:

தக்கை சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அதனால்தான் நான் எனக்கென்று சில கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். முட்டைக்காலத்தில் சரளைப் பக்கம் போவதே இல்லை. சுற்றியிருப்பது பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஒரு திட்டு மட்டும் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால் அது மீன் வாலால் தோண்டிய இடம், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எடுத்த கல்லை எடுத்த குழியிலேயே, அதே பக்கம் கீழாக வைப்பேன். தட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகும்முன் பூச்சியை விட்டுவிடுவேன். ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகும்முன் பூட்ஸையும் வலையையும் கழுவி நன்றாகக் காயவைப்பேன். டிடிமோ என்ற பாசி 2004-ல் நியூசிலாந்தில் தென்பட்டது. ஈரத்தை விடாத கம்பளி அடியுள்ள பூட்ஸில் அது ஒட்டிக்கொண்டு பரவும் என்பதால் 2008-ல் அந்த வகை பூட்ஸையே அங்கே தடை செய்தார்கள்.

ஆனால் புரட்டவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். பிரிட்டனில் 2007 முதல் தூண்டில்காரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு மாதம் ஒரு முறை ஆற்றடியை அரித்து எண்ணுகிறார்கள். மூன்று நிமிடம் காலால் கலக்கி, வலையில் விழுவதில் எட்டு வகைப் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் மட்டும் எண்ணுவார்கள். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரசுச் சூழல் துறைக்குச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் மாதிரியைப் பாட்டிலில் எடுத்தால் அந்த நிமிடத்தில் என்ன ஓடியதோ அதுதான் தெரியும். இரண்டு நாளுக்கு முன் இரவில் யாரோ திறந்துவிட்ட கழிவு பாட்டிலில் இருக்காது. மாதக்கணக்கில் அதே கல்லில் மூச்சு விட்டு வாழ்ந்த நிம்ஃப் செத்திருந்தால், ஏதோ நடந்திருக்கிறது என்று அதுவே சாட்சி.

வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் 1953-ல் ஆக்சிஜன் குறைந்து ஹெக்ஸஜீனியா மேஃப்ளை கூட்டமாக அழிந்தது. 1990-களில்தான் திரும்பி வந்தது. அது கிளம்பும் இரவில் வானிலை ராடாரில் மழைமேகம்போலத் தெரியும். அந்த ராடார் பதிவுகளை வைத்தே பார்த்தபோது, மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில் 2012-க்கும் 2019-க்கும் நடுவில் அது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயர் தெரியாத பூச்சி காணாமல் போனால் யார் தேடுவார்கள்?

தக்கை:

நீங்கள் சொன்ன கட்டுப்பாட்டோடு, எண்ணுவதற்காக என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. படம் எடுப்பதற்காக என்றால் இன்னும் ஆட்சேபம் உண்டு.

புதுத்தூண்டில்:

நான் இதற்கு வந்து ஆறு மாதம்தான். நீரோட்டம் அண்ணா சொன்ன அந்தப் பெயர்களைக் கண்டாலே எனக்குப் பயம். நிம்ஃப், டன், ஸ்பின்னர் எல்லாம் வேறு வேறு பூச்சி என்றே நினைத்திருந்தேன். ஒரே மேஃப்ளையின் மூன்று பருவம் என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

கல்புரட்டி:

அதில் ஒரு அதிசயம் இருக்கிறது, தம்பி. சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும் பூச்சி இந்த உலகத்தில் மேஃப்ளை ஒன்றுதான். முதலில் வருவது டன், மங்கலான சிறகு. கரைச் செடியில் உட்கார்ந்து சிறகின் தோலையும் சேர்த்து உரிக்கும். அதன்பின் ஸ்பின்னர், சிறகு கண்ணாடி. அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. ஒரு வருடம்கூட நீருக்கடியில் இருந்துவிட்டு, மேலே சில மணி நேரமோ ஓரிரு நாளோதான். முட்டையிட்டு முடித்ததும் சிறகை இரண்டு பக்கமும் விரித்துத் தண்ணீரில் படுத்துவிடும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு நிமிர்ந்த சிறகும் படுத்த சிறகும் வேறு வேறு உருவம். அதனால்தான் மாலையில் டன் போட்டு மறுத்த மீன் ஸ்பின்னரை வாங்குகிறது. 1836-ல் தூண்டில்காரர்களுக்காகவே பூச்சி நூல் எழுதிய ரொனால்ட்ஸ், ப்ளைத் ஆற்றின்மேல் குடிசை கட்டி உட்கார்ந்து ட்ரௌட்டைக் கவனித்தார். செத்த ஈக்களில் கடுகும் மிளகாய்த்தூளும் தடவிப் போட்டும் பார்த்தார், மீன் விழுங்கியது. சுவைக்கு முன் கண்தான் முடிவு செய்கிறது.

புதுத்தூண்டில்:

இன்று காலை எனக்கு ஒன்று கிடைத்தது, அதனால்தான் எழுதுகிறேன். மாலைவெயில் சொன்னபடி கல்லைத் திரும்ப அதே குழியில் வைத்துவிட்டேன். வேகமாக ஓடும் இடம். உடம்பு தட்டை, கல்லோடு அப்பிக்கொண்டிருந்தது. வால் இரண்டு. இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃப்ளை என்று படித்தேன், சரிதானே?

கல்புரட்டி:

அவசரப்பட வேண்டாம். வாலை மட்டும் எண்ணினால் ஏமாற்றும். கால் நுனியில் நகம் ஒன்றா இரண்டா? செவுள் எங்கே இருந்தது?

புதுத்தூண்டில்:

லென்ஸில் பார்த்தேன், ஒவ்வொரு காலிலும் ஒரே நகம். வயிற்றின் இரண்டு ஓரத்திலும் இலை இலையாக ஏதோ இருந்தது, அதுதான் செவுளா?

கல்புரட்டி:

அதேதான். ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு நகம். இது மேஃப்ளை, தட்டை உடம்புக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் இரண்டே வால் என்றால் பெரும்பாலும் எப்பியோரஸ். நீரோட்டம், லத்தீன் பெயர் ஏன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். மற்ற பல மேஃப்ளைகள் நிம்ஃபாக மேலே வந்து தோலுரிக்கும். எப்பியோரஸ் அடியிலேயே, கல்மேலேயே உரித்துவிட்டு, சிறகோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏறும். அந்த நேரத்தில் மிதக்கும் ஃப்ளையைவிட, மென்மையான இறகு சுற்றிய மூழ்கும் ஃப்ளை எடுபடும். அடியில் விட்டு, ஓட்டத்தின் முடிவில் மெதுவாகக் கழியை உயர்த்த வேண்டும். மூன்று கூட்டம் மட்டும் தெரிந்தவர் இந்த நேரத்தில் மேலே வீசிக்கொண்டிருப்பார்.

நீரோட்டம்:

இது எனக்குத் தெரியாது. சிறகோடு கீழிருந்து ஏறுகிறது என்றால், போன வருடம் இரண்டு நாள் என் ஃப்ளையை மீன் தொடாமல் போனதற்கு இப்போதுதான் காரணம் கிடைக்கிறது.

கட்டாயம் என்ற சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் தம்பி, அந்த நிம்ஃபின் முதுகில் சிறகு மொட்டு இருக்குமே, அது என்ன நிறம்? வெளிர் பழுப்பா, கறுப்பா?

புதுத்தூண்டில்:

கறுப்பு அண்ணா. உடம்பெல்லாம் பழுப்பு, அந்த இடம் மட்டும் கரி பூசினதுபோல.

நீரோட்டம்:

அப்படியென்றால் இன்றோ நாளையோ கிளம்பிவிடும். கழியை எடுத்து வைத்துக்கொண்டு மதியத்திலிருந்தே அந்த வேக ஓட்டத்துப் பக்கம் நில்லுங்கள். மூழ்கும் ஃப்ளை இருக்கிறதா?