வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: வரவுப் பெட்டியில் சேர்ந்த குறிப்புகளை என்ன செய்கிறோம்?

கோவையிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தோன்றியதையெல்லாம் கைப்பேசியில் குறித்துப் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒழுங்கு செய்வதற்கான செயலி. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான் மட்டும் நிற்கிறது.

குறிப்புகள் முதலில் ஒரு பெட்டியில் வந்து விழும். இன்பாக்ஸ் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நான் 'வரவுப் பெட்டி' என்று வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் குறிப்புகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வரும். என் பெட்டியில் இப்போது இருப்பவை: 'கேஸ் புக் பண்ணணும்', 'அம்மா கண் சொட்டு மருந்து', 'மாடியில் மூலிகைத் தோட்டம்?', 'சித்தப்பா – பத்திர நகல்'. முதலாவது இரண்டு நிமிட வேலை, பார்த்த கையோடு முடித்துவிடலாம். மருந்து இன்று மாலைக்கு. தோட்டம் என்றாவது ஒருநாள். பத்திரம், சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியது. இப்படி ஒவ்வொன்றையும் எடுத்து, இது என்ன, இதை என்ன செய்யப்போகிறேன் என்று முடிவுகட்டி, உரிய இடத்தில் போடுகிற வேலைக்குத்தான் சொல் வேண்டும். வேலைகளை ஒழுங்குபடுத்த 'கெட்டிங் திங்ஸ் டன்' என்ற நூலை எழுதிய டேவிட் ஆலனின் வழிமுறைக்காரர்கள் 'பிராசஸ்' என்றும் 'கிளாரிஃபை' என்றும் சொல்வது இதைத்தான்.

தரவுக்கு நாம் வைத்திருக்கும் 'செயலாக்கம்' இங்கே சரிவரவில்லை. 'குறிப்பைச் செயலாக்கு' என்றால் அதிலுள்ள வேலையையே செய்து முடி என்று ஆகிவிடுகிறது. 'தெளிவுபடுத்து' என்றால் யாருக்கோ விளக்கம் கொடுப்பதுபோல் இருக்கிறது. பொத்தானில் பத்து எழுத்துக்கு மேல் கொள்ளாது.

சென்னையிலிருந்து

'வகைப்படுத்து' போதுமே. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். புதிதாக எதற்கு?

மதுரையிலிருந்து

வகைப்படுத்தல் வேறு, இது வேறு. பெயர், வினை, இடை, உரி என்று சொற்களை வகைப்படுத்துகிறோம். வகுத்த பிறகு அந்தச் சொல்லை என்ன செய்வது என்ற கேள்வியே எழுவதில்லை. தம்பி கேட்பதோ அந்தக் கேள்விக்கான சொல்.

முறத்தை நினைத்துப் பாருங்கள். மேலே வீசிப் பிடித்து உமியைப் பறக்கவிட்டால் புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பெரியதையும் சிறியதையும் பிரித்தால் கொழித்தல். இன்னும் மெல்ல அசைத்தால் நேம்புதல். கொழித்துத் தூய்மையாக்குவது தெள்ளுதல். என் அப்பத்தா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தால், அரிசி பானைக்கு, குருணை கஞ்சிக்கு, தவிடு மாட்டுக்கு, கல் வாசலுக்கு என்று ஒவ்வொன்றும் அதன் இடத்துக்குப் போய்ச் சேரும். முறத்தில் ஒன்றும் மிஞ்சாது. தம்பியின் வரவுப் பெட்டி அந்த முறம்தான்.

வேரையும் பாருங்கள். தெள் என்பதிலிருந்து தெள்ளு, தெளி, தெளிவு, தெண்ணீர். சங்கப் பாட்டில் தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர்; அதுவும் இதன் உறவு என்பது என் துணிபு. தேர்தல், தேறுதல், தேற்றம் எல்லாம் அந்தக் குடும்பமே. பிரிப்பதும் தெளிவதும் ஒரே வேரில் நிற்கும்போது நாம் ஏன் இரண்டு சொல்லுக்கு அலைய வேண்டும்? 'தெள்ளு' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா சொல்லும் வேர் அழகு. ஆனால் எங்கள் ஊரில் தெள்ளு என்றால் நாயின் மயிருக்குள் ஓடுகிற பூச்சி. நான் கணினி படிப்பிக்கிற பிள்ளைகள் பொத்தானைப் பார்த்தவுடன் அதைத்தான் நினைப்பார்கள். முறம் என்ற சொல்லையே அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், நாங்கள் சுளகு என்றுதான் சொல்வோம்.

சென்னையிலிருந்து

அப்படியானால் 'தரம் பிரி'. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தரம் பிரித்துப் போடச் சொல்லி மாநகராட்சி வண்டி தினமும் தெருவில் அறிவித்துக்கொண்டு போகிறது. இதைவிடப் பரவிய சொல் கிடைக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து

இங்கே தரம் என்றால் வகுப்பு. தரம் 10 மாணவர், தரம் 11 மாணவர். அதோடு, என் அம்மாவின் மருந்தை உயர்ந்த தரம், தாழ்ந்த தரம் என்று பார்ப்பதற்கில்லையே.

தஞ்சாவூரிலிருந்து

வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு உதவியாளரிடமும் தன்பதிவேடு உண்டு. வந்த தபாலுக்கு அதில் எண் போட்டு, பொருள் எழுதி, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதையும் அதே வரியில் குறித்துவர வேண்டும். நீங்கள் சொல்லும் செயலியே ஒரு தன்பதிவேடுதான். வரவைப் பார்த்து முடிவுகட்டுவதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: பைசல். அரபிலிருந்து வந்தது. அந்த வேருக்கே பிரித்தல் என்று பொருள். மெய்யையும் பொய்யையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்பவர் பைசல். மதுரை ஐயா தெள்ளுதலில் கண்ட அதே உறவு இங்கேயும் இருக்கிறது. 'பைசல் செய்' என்றால் கிராமத்திலும் புரியும்.

மதுரையிலிருந்து

புரியும், மறுக்கவில்லை. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று, வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார் என்பீர்கள். தமிழில் சொல் இல்லாத இடத்துக்கு அந்த வழி சரி. முறமும் அரிசியும் நம் வீட்டில் இருக்க, தீர்ப்பு மன்றத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

கோவையிலிருந்து

எனக்கு வேறு சிக்கல். பைசல் என்றால் முடிந்தது. என் மூலிகைத் தோட்டம் முடியவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து

தள்ளிவைப்பதற்கு வள்ளுவரே சொல் தந்திருக்கிறார். 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை.' 672ஆம் குறள். தோட்டம் தூங்கிச் செயற்பாலது, கேஸ் தூங்காது செய்யும் வினை. அந்தப் பட்டியலுக்குத் 'தூங்குவன' என்று பெயர் வையுங்கள்.

சென்னையிலிருந்து

தூங்குவன என்றால் இன்று தூக்கம் மட்டும்தான் ஐயா. நாம் ஒரு பொத்தானுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தோம்.

திருச்சியிலிருந்து

ஆர்.எம்.எஸ். எனும் ரயில்வே அஞ்சல் சேவையில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிப்பகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே கை தானாக அந்த அறைக்குப் போகும்: 641 கோவை, 625 மதுரை, 613 தஞ்சை. கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. ஆகவே வெறும் பிரித்தல் உங்களுக்குப் போதாது என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அப்புறம் தோன்றியது: வீட்டில் கடிதம் வந்தால் என்ன சொல்கிறோம்? 'உறையைப் பிரி.' திறந்து பார்ப்பதும் பிரிதான், வேறுவேறாக்குவதும் பிரிதான். உங்கள் வேலையில் இரண்டும் இருக்கிறதே.

கோவையிலிருந்து

இதை நான் யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி. அதனுடன் 'வை' சேர்த்தால்? எழுதிவை, சொல்லிவை, எடுத்துவை என்று பின்னால் உதவும்படி இப்போதே செய்வதற்குத்தானே அந்தத் துணைவினை வருகிறது. 'பிரித்துவை'. ஐந்தே எழுத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து

எனக்குச் சம்மதம். பிள்ளைகளுக்கும் விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து

புருஷன் பெண்சாதியைப் பிரித்துவைத்தான் என்றும் வரும். இருந்தாலும் பெட்டியில் இருப்பவை குறிப்புகள்தான், குழப்பம் வராது. என் வாக்கும் இதற்கே. 'தன்பதிவேடு' என்பதை வேறு எங்காவது பயன்படுத்துங்கள், நல்ல சொல் அது.

சென்னையிலிருந்து

வகைப்படுத்துவே போதும் என்பதில் மாற்றமில்லை. நாள் நெருங்கிவிட்டது, பிரித்துவைக்கு மறுப்பும் இல்லை.

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

பெரும்பான்மை அப்படியென்றால் நடக்கட்டும். என் கருத்து மட்டும் மடலாடலில் பதிவாக வேண்டும். பொத்தானோடு வேலை முடிவதில்லை தம்பி. பெட்டிக்கு மேலே எத்தனை மீதம் என்று எண்ணிக்கை காட்டுமே, அங்கே என்ன எழுதுவீர்கள்? 'பிரித்துவைக்கப்படாத குறிப்புகள்: 4' என்றா? 'தெள்ளாத குறிப்புகள்: 4' என்று எழுதிப் பாருங்கள். தெள்ளு, தெள்ளிய, தெள்ளாத, தெள்ளல்: எந்த வடிவிலும் திரைக்குள் அடங்கும். பூச்சிக்குத் தெள்ளுப்பூச்சி என்று முழுப்பெயர் இருக்கிறது; வினையை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

பொத்தானுக்குப் 'பிரித்துவை' என்று ஏற்றிவிட்டேன். ஐயா சொன்ன எண்ணிக்கை வரி உண்மையிலேயே இருக்கிறது, நேற்றுவரை என் கண்ணில் படவில்லை. 'பிரித்துவைக்காத குறிப்புகள்' என்று போட்டால் சின்னத் திரையில் 'பிரித்துவைக்கா' என்பதோடு வெட்டுப்படுகிறது. 'பெட்டியில் 4' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பு வருவதற்குள் அந்த வரியை மட்டும் மறுபடி பேசலாமா?