பொதுக்காப்பீட்டு மசோதா 2021: கூச்சலில் நிறைவேறிய சட்டம் செல்லுமா, ஊழியர்கள் கதி என்ன?

கடைசிபெஞ்ச்:

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் அக்கா அரசுப் பொதுக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். எந்த நேரம் விற்பார்களோ என்ற பேச்சு வீட்டில் ஓயவே இல்லை. நேற்று அந்தப் பழைய மாநிலங்களவை வீடியோ மறுபடியும் கண்ணில் பட்டது. 2021 ஆகஸ்ட் 11, உறுப்பினர்கள் அவை நடுவே நிற்கிறார்கள், அவர்களுக்கும் தலைவர் இருக்கைக்கும் இடையே மார்ஷல்கள் வரிசை கட்டி மறிக்கிறார்கள், கிழித்த காகிதம் பறக்கிறது, அந்த அமளிக்குள்ளேயே பொதுக்காப்பீட்டுத் தொழில் தேசியமயமாக்கல் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது.

என் கேள்வி இரண்டு. இப்படி நிறைவேற்றினால் சட்டம் செல்லுமா? அடுத்தது, எதிர்க்கட்சிகள் எதற்காக 'தேர்வுக் குழுவுக்கு (மசோதாவை ஆராயும் எம்.பி.க்கள் குழு) அனுப்பு' என்று பிடித்த பிடியாக நின்றார்கள்? ஊழியர்களுடைய வேலை, பென்ஷன், இடமாற்றம் இதைப் பற்றி நாலு கேள்வி கேட்டிருந்தால் அவைக்குறிப்பிலாவது ஏறியிருக்கும். விதி, நடைமுறை என்று சண்டை போட்டே பொழுதைக் கழித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தப்பென்றால் திருத்துங்கள்.

விதிப்புத்தகம்:

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: செல்லும். அரசியலமைப்பின் 122வது பிரிவு இருக்கிறது, நாடாளுமன்ற நடவடிக்கையில் நடைமுறைக் குறைபாடு இருக்கிறது என்று சொல்லி அதன் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. 2007 ராஜாராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் ஒழுங்கீனம் வேறு, அரசியலமைப்புக்கே விரோதமான சட்டமீறல் வேறு, இரண்டாவது என்றால் நாங்கள் பார்ப்போம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது உண்மைதான். ஆனால் 'கூச்சலில் எண்ணாமல் முடித்தார்கள்' என்பதை வைத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாக நுழைவது ரொம்பக் கஷ்டம்.

இரண்டாவதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த மசோதாவில் என்ன இருந்தது என்று பாருங்கள். எல்லோரும் பேசியது 51 சதவீதத்தைப் பற்றி, அதாவது நிறுவனத்தில் அரசுக்குக் குறைந்தது 51 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. உங்கள் அக்காவுக்கு அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உள்ளே இருக்கிறது. இந்த மசோதா திருத்திய 1972 தேசியமயமாக்கல் சட்டப்படி இந்த நிறுவன ஊழியர்களின் பணி நிபந்தனைகளை மத்திய அரசுதான் திட்டமாக வகுத்து அறிவிக்கும். கட்டுப்பாடு அரசு கையைவிட்டுப் போகிற நாளிலிருந்து அந்தத் திட்டங்களை நிறுவனமே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்கிறது திருத்தம். அதுவரை சரி. அப்புறம் இயக்குநர் குழு அவற்றை மாற்றலாம், புதிதாகவும் வகுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரி வருகிறது. அரசு கையில் இருந்த அதிகாரம் புது முதலாளியின் போர்டுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த வரியை யார் தோண்டிக் கேட்பது? மக்களவையில் மசோதா ஜூலை 30 அறிமுகமாகி ஆகஸ்ட் 2 அன்று அமளிக்கு நடுவே நிறைவேறிவிட்டது. அவையில் விவாதம் நடந்திருந்தாலும் ஒரு எம்.பி.க்கு ஐந்து நிமிஷம் கிடைக்கும், அமைச்சர் பொதுப்படையாக ஒரு உறுதி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். தேர்வுக் குழு என்றால் நிதித்துறை அதிகாரிகளை எதிரே உட்கார வைத்து 'எந்தத் தேதிக்குப் பிறகு, யார், எதை மாற்றலாம்' என்று கேட்கலாம், தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுச் சாட்சியம் வாங்கலாம், பிரிவு பிரிவாகத் திருத்தம் எழுதலாம், ஒத்துக்கொள்ளாதவர் மறுப்புக் குறிப்பும் சேர்க்கலாம். வேலையைப் பற்றி உருப்படியாகக் கேட்க இருந்த ஒரே இடம் அதுதான். அதைக் கேட்டதைப் போய் நடைமுறைச் சண்டை என்கிறீர்களே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே நாள், அதே அவையில்தான் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தொடர்பான 127வது அரசியலமைப்புத் திருத்த மசோதா மணிக்கணக்கில் விவாதிக்கப்பட்டு, ஓட்டு எண்ணி, 187 பேர் ஆதரவோடு எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், எண்ணாமல் விட முடியாது. சாதாரண மசோதாவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, 'ஆம்' சத்தம் பெரிதாகக் கேட்டது என்று தலைவர் சொன்னால் முடிந்தது. உறுப்பினர் கேட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும் என்பார்கள். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களில் இதே தகராறுதான்.

ஓய்வூதியர்_கோவை:

தம்பி, நான் இந்தத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். 1973 ஜனவரி 1 அன்று 107 தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளை அரசு எடுத்து நாலாக்கியது. நேஷனல் கல்கத்தாவில், நியூ இந்தியா பம்பாயில், ஓரியண்டல் டில்லியில், யுனைடெட் இந்தியா நம்ம சென்னையில். எங்கள் சீனியர்களில் பாதிப் பேர் பழைய தனியார் கம்பெனியில் இருந்து வந்தவர்கள், ஒரே வேலைக்கு ஒரு கம்பெனியில் ஒரு சம்பளம், இன்னொன்றில் வேறு சம்பளம் என்று இருந்ததை மணிக்கணக்காகச் சொல்வார்கள். அதை ஒரே அளவாக்கியதே அந்த அரசுத் திட்டங்கள்தான். மேலே அவர் சொன்ன 'போர்டு மாற்றிக்கொள்ளலாம்' என்ற வரியைப் படித்ததும் எங்களுக்கு வயிறு கலங்கியதற்குக் காரணம் இதுதான்.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை, மக்களவையில் நிறைவேறிய அந்த வாரமே நாடு முழுக்க ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிவியில் எத்தனை நொடி காட்டினான்? பெகாசஸ் என்ற செல்போன் உளவு மென்பொருள் சண்டையில் அந்தக் கூட்டத்தொடரே அடிபட்டுப் போனது, 13ஆம் தேதி வரை நடக்க வேண்டியது 11ஆம் தேதியே முடிந்தது. அப்புறம் நவம்பர் 29 அன்று, அந்தக் கூட்டத்தொடரில் நடந்ததற்கு அடுத்த கூட்டத்தொடரில் 12 எம்.பி.க்களை சஸ்பெண்ட் செய்தார்கள். அது விதிப்படி சரியா என்று ஒரு மாதம் பேசினார்கள். காப்பீடு என்ற பேச்சே அதில் கிடையாது. எதிர்க்கட்சிமேலும் எனக்குக் கோபம் உண்டு. மேஜைமேல் ஏறாமல் அவரவர் இடத்தில் நின்று எண்ணச் சொல்லிக் கேட்டிருந்தால், யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது பெயரோடு பதிவாகியிருக்கும். தேர்தலில் வீட்டு வாசலுக்கு வந்தவனிடம் கேட்க எங்களுக்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:

பெரியவர் கோபிக்கக் கூடாது. எண்ணியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? பால்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தீஸ்கர் கோர்பாவில் இருக்கும் அலுமினிய ஆலை, அப்போது அரசு நிறுவனம், அதன் 51 சதவீதப் பங்கை 551.5 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட்டுக்குக் கொடுக்க வாஜ்பாய் அரசு முடிவு செய்தது. அப்போது எதிர்க்கட்சி எல்லாவற்றையும் முறைப்படியே செய்தது. மக்களவை விதி 193இல் பேசினால் ஓட்டு கிடையாது, வெறும் விவாதம். 184 என்றால் தீர்மானம், ஓட்டு உண்டு. 184 கிடைத்தது. 2001 மார்ச் 1 மக்களவையில் எண்ணினார்கள், தீர்மானத்துக்கு ஆதரவு 119, எதிர்ப்பு 239. மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்து. தொழிலாளர்கள் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதைய சத்தீஸ்கர் முதல்வர் அஜித் ஜோகி மாநில அரசே வாங்கிக்கொள்கிறேன் என்றார். டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், இது பொருளாதாரக் கொள்கை, விற்பதற்கு முன்னால் ஊழியர்களைக் கேட்க வேண்டும் என்று உரிமை கிடையாது என்று முடித்துவிட்டது. ஒப்பந்தத்தில் கிடைத்த பாதுகாப்பு ஒரு வருஷத்துக்கு ஆட்குறைப்பு இல்லை என்பது. ஒரே ஒரு வருஷம்!

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தைப் பாருங்கள். 2006இல் பங்கு விற்க முடிவானதும் கருணாநிதி கூட்டணியில் இருந்துகொண்டே எதிர்த்தார், மன்மோகன் சிங் மொத்தப் பங்கு விற்பனையையும் நிறுத்தி வைத்தார். எந்த விதி எண்ணும் தேவைப்படவில்லை. 2013இல் மறுபடி வந்தபோது ஜெயலலிதா மாநில அரசு நிறுவனங்களை வைத்து 3.56 சதவீதத்தை வாங்க வைத்தார். காரியம் நடப்பது எண்ணிக்கை பலத்தில், பணத்தில்.

விதிப்புத்தகம்:

பால்கோவோடு கதையை நிறுத்திவிட்டீர்களே. 2003 செப்டம்பரில் எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். என்ற அரசு எண்ணெய் நிறுவனங்களின் வழக்கு என்ன ஆனது? அதே அரசு, அதே விற்பனைத் திட்டம், அதே உச்ச நீதிமன்றம், ஆனால் தடுத்துவிட்டது. இவற்றுக்கு முன்னால் இருந்த தனியார் எண்ணெய்க் கம்பெனிகளான எஸ்ஸோவை 1974இலும் பர்மா ஷெல்லை 1976இலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு எடுத்தது, அந்தச் சட்டங்களைத் திருத்தாமல் தனியாருக்குக் கொடுக்க முடியாது என்றது. அரசிடம் இருந்தது கூட்டணி, மாநிலங்களவையில் பெரும்பான்மை கிடையாது, சட்டத்தோடு போகத் துணியவில்லை. பால்கோ கம்பெனிகள் சட்டத்தில் பதிவான நிறுவனம், அதற்கு இந்தத் தடை இல்லை. விதியும் எண்ணிக்கையும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்தன.

பொதுக்காப்பீடும் சட்டத்தில் பிறந்ததுதான், அதனால்தான் 2021இல் அரசு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டியிருந்தது. அந்த ஒரு தடவைதான். இனி எந்த நிறுவனம், எந்தத் தேதி என்பதற்கு அவர்கள் திரும்பி வரவே வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:

போர்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அக்காவுக்கும் தெரிந்திருக்காது. அவர் இப்போது என்ன செய்யலாம்?

ஓய்வூதியர்_கோவை:

பதற வேண்டாம் என்று சொல்லுங்கள். 2021 பட்ஜெட்டில் ஒரு பொதுக்காப்பீட்டு நிறுவனத்தை விற்போம் என்றார்கள், இதுவரை விற்கவில்லை. அதற்கு முன் 2018இல் மூன்றை ஒன்றாக்கப் போகிறோம் என்றார்கள், 2020இல் அதையும் கைவிட்டார்கள். ஆனால் சங்கச் சந்தா நிலுவை இருந்தால் கட்டிவிடச் சொல்லுங்கள். நியமன உத்தரவு, பதவி உயர்வு உத்தரவு, எந்த பென்ஷன் திட்டத்தில் இருக்கிறார் என்ற கடிதம், எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் ஃபைலை நம்ப வேண்டாம். தொகுதி எம்.பி.க்குச் சங்கம் மூலமாக எழுதினால் எழுத்துப்பூர்வக் கேள்வியாகப் போட முடியும், அமைச்சர் அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும். 'போர்டு மாற்றும்போது ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நீட்டி எழுதினால் நீட்டிப் பதில் வரும், ஒன்றும் தேறாது.