அறிவு செக்கில் எல்லோரும் தோற்றால் கதையை எப்படி நகர்த்துவது?

கோட்டைவாசல்:
ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஐந்து ப்ளேயர்கள், எல்லோரும் 3-ஆம் லெவல். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். பாழடைந்த கோயில் சுவரில் ஒரு சின்னம். ரிலிஜன் செக் (மத அறிவைச் சோதிக்கும் இருபதுமுகப் பகடை ரோல்) கேட்டேன், டிசி 15, அதாவது போனஸோடு சேர்த்து 15 வந்தால்தான் தெரியும். மந்திரவாதியான விசார்டுக்கு விழுந்தது 4. உடனே மற்ற நால்வரும் "நானும் பார்க்கிறேன்" என்று பகடையைக் கையில் எடுத்துவிட்டார்கள். கடைசியில் எழுதப் படிக்கத் தெரியாத பார்பேரியனுக்கு 19 விழ, அவர் அந்தத் தெய்வத்தின் வரலாற்றையே விளக்கினார்! இன்னொரு நாள் ஹிஸ்டரி செக்கில் ஐந்து பேருமே கோட்டைவிட, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் கதை அப்படியே நின்றுபோனது. டிசியைக் குறைப்பதா, இல்லை நானே மறைத்து உருட்டுவதா?

இருபதுமுகம்:
டிசியில் கை வைத்துப் பயனில்லை. கணக்குப் பாருங்கள். எந்த போனஸும் இல்லாதவர் 15 எடுக்க வாய்ப்பு 30 சதவீதம். அப்படி ஐந்து பேர் உருட்டினால் யாராவது ஒருவருக்கு விழ ஏறக்குறைய 83 சதவீதம். இது அறிவுச் சோதனையே இல்லை, குலுக்கல் சீட்டு.

இதே ஆட்டத்தின் பழைய 3.5 பதிப்பில் நாலெட்ஜ் (அறிவுத் திறன்) பயிற்சி இல்லாதவர் டிசி 10-க்கு மேல் எதற்கும் பதில் சொல்ல முடியாது. உங்கள் மேஜையிலும் அந்தத் திறனில் ப்ரொஃபிஷியன்சி (பயிற்சி) உள்ளவர் மட்டும் உருட்டட்டும். இன்னொருவர் சேர்ந்து யோசித்தால் விசார்டுக்கு அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுங்கள். பார்பேரியன் அந்தத் தெய்வத்தைக் கும்பிடும் ஊரில் வளர்ந்தவரா? அப்போ அவருக்கு ரோலே வேண்டாம், தெரியும் அவ்வளவுதான்.

துப்பறியும்பூனை:
கதை நின்றதற்குக் காரணம் வேறு. அடுத்த இடத்துக்குப் போகும் வழியையே பகடையிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். 2007-இல் வந்த கம்ஷூ என்ற துப்பறியும் ஆட்ட முறை இதற்காகவே உருவானது. பொருத்தமான திறன் உள்ள கேரக்டர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும். ரோல் கிடையாது. கூடுதல் விவரம் வேண்டுமென்றால் பாயின்ட் செலவழிக்க வேண்டும்.

அதை டி அண்ட் டிக்குக் கொண்டுவருவது எளிது. இது மரண தெய்வத்தின் சின்னம், இவர்கள் கோயிலில் நிலவறை கட்டாயம் இருக்கும் என்பதை இலவசமாகச் சொல்லிவிடுங்கள். 15 எடுத்தால் நிலவறைக்குள் காவல் இருப்பது என்ன என்று தெரியும். 20 எடுத்தால் அதை அடக்கும் வாசகமும் தெரியும். யாருக்கும் விழாவிட்டால் கதை நிற்காது, உள்ளே அடி வாங்குவார்கள்.

மௌனசாட்சி:
மறைத்து உருட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இதே மாதிரி ஆட்டமான பாத்ஃபைண்டர் 2-ஆம் பதிப்பில் ரீகால் நாலெட்ஜ் என்ற அறிவு செக்கை ஜிஎம்தான் (ஆட்டத்தை நடத்துபவர்) ரகசியமாக உருட்டுவார், கிரிட்டிக்கல் ஃபெயிலியர் (படுதோல்வி) என்றால் தவறான தகவல் வரும். எங்கள் மேஜையில் எனக்கு அது பிடிக்கவில்லை. பொய் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஆடுபவர்களிடம் முன்கூட்டியே பேசாமல் தொடங்கிவிடாதீர்கள்.

அதைவிட, உருட்டாமலே கணக்கிடும் பாஸிவ் மேல். 10-உடன் போனஸைக் கூட்டிக்கொள்ளுங்கள், போதும்.

கோட்டைவாசல்:
விசார்டுக்கு இன்டலிஜென்ஸ் 16, ரிலிஜன் ப்ரொஃபிஷியன்சியும் உண்டு. 10, இன்டலிஜென்ஸுக்கு 3, ப்ரொஃபிஷியன்சிக்கு 2 கூட்டினால் சரியாக 15 வருகிறது! ரோல் கேட்காமலே சொல்லியிருக்கலாம் போல. ஆனால் பகடை உருட்டும் சந்தோஷம் போய்விடாதா? அவர் அதற்காகவே வருகிறவர்.

துப்பறியும்பூனை:
உருட்டட்டும். 15-க்கான தகவலை முதலில் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் என்ன தெரியும் என்பதற்கு மட்டும் உருட்டச் சொல்லுங்கள். 4 விழுந்தாலும் ஏற்கெனவே சொன்னது போகாது. அப்புறம் டன்ஜன் வேர்ல்ட் என்ற இன்னொரு ஆட்டத்தில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். குருகுலத்தில் திருடிப் படித்த சுவடி என்று அவர் ஏதாவது சொல்வார். அந்தச் சுவடியின் சொந்தக்காரரை அடுத்த செஷனில் இறக்கிவிடுங்கள்.