ப்ராஜெக்ட் கன்ட்ரோல்ஸ்: வேலையைக் காப்பாற்றுதா, ரிப்போர்ட்டை வளர்க்குதா?

கம்பிகட்டி:
சைட்டில் கான்கிரீட் லாரி வந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் ப்ளானிங் ஆபீஸிலிருந்து போன் வரும். "இந்த வார ப்ராக்ரஸ் பர்சன்டேஜ் இன்னும் வரலையே சார்." வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டு போனை வைக்கிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணை வைத்து எஸ்-கர்வ் (ப்ளான் எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்), கலர் கலராக டேஷ்போர்டு, மாதாந்திர மீட்டிங். ஸ்டீல் வரவில்லை என்பது எங்களுக்கு அன்றைக்கே தெரியும், டேஷ்போர்டுக்கு அடுத்த மாதம் தெரியும். உயிர் போன பிறகு நாடி பிடிப்பதற்கு, தேதியையும் செலவையும் கண்காணிக்கிற ப்ராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் என்று ஒரு டிபார்ட்மென்ட் எதற்கு? விவரமான ஃபோர்மேன் நாலு பேர் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

ஃப்ளோட்பூஜ்யம்:
வந்துவிட்டேன். ஸ்டீல் லேட் என்று உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். அந்த லேட் முடிவு தேதியைத் தள்ளுமா, தள்ளாதா? அது ஃபோர்மேனுக்குத் தெரியாது சார். மூன்று வாரம் ஃப்ளோட் (முடிவு தேதியைத் தள்ளாமல் பிந்தக்கூடிய அவகாசம்) இருக்கிற வேலை இரண்டு வாரம் பிந்தினால், அதற்கு ஓவர்டைம் போடுவது தண்டச் செலவு. அதே சமயம் யாருமே கண்டுகொள்ளாத ஒரு டிராயிங் அப்ரூவல் கிரிட்டிகல் பாத்தில், அதாவது ஒரு நாள் பிந்தினாலும் முடிவு தேதியைத் தள்ளிவிடும் வேலைகளின் வரிசையில், உட்கார்ந்திருக்கும். 1950களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தில் கிரிட்டிகல் பாத் முறை உருவானபோதும் கேள்வி இதுதான்: எந்த வேலையை முடுக்கினால் நாள் மிச்சம், எதை முடுக்கினால் காசுதான் போகும்? சைட்டில் பெரிதாகச் சத்தம் கேட்கிற இடம் எல்லாம் அவசரமான இடம் இல்லை.

எறும்புக்கணக்கு:
நான் காஸ்ட் பக்கம். ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், பாருங்கள். மொத்த பட்ஜெட் 100. ப்ளான்படி இன்றைக்குள் 50-க்கான வேலை முடிந்திருக்க வேண்டும். செலவு 55 ஆகியிருக்கிறது. அக்கவுன்ட்ஸில் கேட்டால் "5 தானே கூட, சமாளிச்சுக்கலாம்" என்பார்கள். ஆனால் நிஜமாக முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு 40-தான் என்றால்? 40-க்கான வேலைக்கு 55 போயிருக்கிறது. 40-ஐ 55-ஆல் வகுத்தால் 0.73. இதே லட்சணத்தில் போனால் முடிக்கும்போது செலவு 137-ஐத் தாண்டும்.

ப்ளானையும் செலவையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. மூன்றாவது எண் வேண்டும், முடிந்த வேலையின் மதிப்பு. இப்போதே தெரிந்தால் ஸ்கோப்பை (செய்ய வேண்டிய வேலையின் அளவை) குறைக்கலாம், சப்-கான்ட்ராக்டரை மாற்றலாம், க்ளையன்ட்டிடம் உட்கார்ந்து பேசலாம். நாடி பிடிப்பது உயிர் இருக்கும்போதுதான்.

கம்பிகட்டி:
அருமை. அந்த 40 எங்கிருந்து வந்தது? போனில் என்னைப் போன்ற ஒருவன் சொன்னது! எந்த வேலையும் 90 சதவீதம் வரை குதிரை வேகத்தில் போகும், அப்புறம் மாதக்கணக்கில் 90-லேயே படுத்துக்கிடக்கும். அந்த எண்ணை இரண்டு தசம இடம் வரை வகுத்துக் காட்டினால் பொய் மெய்யாகிவிடுமா?

ஸ்பிரிண்ட்தம்பி:
மென்பொருளிலும் இதே கதைதான் அண்ணே. அதனால்தான் எங்கள் டீமில் பர்சன்டேஜே கேட்பதில்லை. டெஸ்ட் பாஸ் ஆனதா இல்லையா, அவ்வளவுதான்.

ஃப்ளோட்பூஜ்யம்:
தம்பி சொன்னதை எங்கள் பக்கம் 0/100 விதி என்போம்: முழுதாக முடிந்தால் 100, இல்லையென்றால் 0. சின்ன வேலைகளுக்கு அது சரி. மாதக்கணக்கில் ஓடும் வேலைக்கு முன்கூட்டியே படி பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு பைப்லைன்: தூக்கி வைத்தால் 40, வெல்டிங் முடிந்தால் இன்னும் 30, சப்போர்ட் மாட்டினால் 10, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) பாஸ் ஆனால் மீதி 20. டெஸ்ட் ஆகாத லைன் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் 80-ஐத் தாண்டாது. இப்படி வைத்தால் "எவ்வளவு முடிஞ்சுது?" என்று உங்களுக்கு யாரும் போனே போட வேண்டாம், "எந்த லைன் டெஸ்ட் ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். போனில் அள்ளிவிடுகிற எண்ணை வாங்கிக்கொள்கிற ப்ளானர் மேல் எனக்கும் கோபம்தான்.

மறுபக்கம்:
முன்பு ப்ளானிங்கில் இருந்தவன், இப்போது எக்சிக்யூஷன். கணக்கு முறையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ஷெட்யூல் குறியீடு என்பது முடிந்த மதிப்பை, முடிந்திருக்க வேண்டிய மதிப்பால் வகுப்பது. ப்ராஜெக்ட் ஒரு வருஷம் லேட்டாக முடிந்தாலும், முடிகிற அன்று இரண்டுமே 100. குறியீடு 1. சொன்ன நாளில் முடித்ததைப் போலவே ரிப்போர்ட் சிரிக்கும்! வால்ட் லிப்கே என்பவர் 2003-இல் இதற்கு மாற்று சொன்னார்: மதிப்பை மதிப்பால் வகுக்காதே, இன்று முடிந்திருக்கும் அளவு ப்ளான்படி எந்த நாளில் முடிந்திருக்க வேண்டும் என்று பார், காலத்தைக் காலத்தால் அள. நல்ல யோசனை. ஆனால் இன்றும் பழைய குறியீட்டையே கடைசி மாதம் வரை பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும் ரிப்போர்ட்டுகள் எத்தனை!

கம்பிகட்டி:
சரியாகப் பிடித்தீர்கள். சரி, எண்கள் சுத்தமாகவே இருக்கட்டும். கேட்க ஆள் இருக்கிறதா? அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 போர் விமானத் திட்டத்தைப் பாருங்கள். இந்த மதிப்புக் கணக்குக்கு 1967-இலேயே விதிமுறை போட்டது அதே நாட்டின் பாதுகாப்புத் துறை. செலவு எகிறும் என்று ஆய்வாளர் எண்களோடு எச்சரித்தார். மேலே போனது நம்பிக்கையூட்டும் கணக்குதான். 1991 ஜனவரியில் திட்டமே ரத்து.

எறும்புக்கணக்கு:
அது எனக்குச் சாதகமான சாட்சி ஆயிற்றே! எண் சரியாகத்தான் சொன்னது. மறைத்தது மனிதர்கள். ஃபோர்மேன் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பார்களா? ஃபோர்மேன் சொன்னதற்குப் பின்னாளில் தடயம்கூட இருந்திருக்காது. விசாரணையில் உண்மை வெளிவந்ததற்குக் காரணமே அந்தத் தாள்கள்தான்.

எனக்கு நிஜமான பயம் வேறு. மூன்று மாதம் பிந்தியதும் "ரீ-பேஸ்லைன்" என்று, முதலில் ஒத்துக்கொண்ட ப்ளானையே (அதுதான் பேஸ்லைன்) மாற்றி, புதுத் தேதி போட்டு எல்லாவற்றையும் பச்சையாக்குவது. ஸ்கோப் மாறினால் பேஸ்லைன் மாறலாம், எழுத்தில் சேஞ்ச் ஆர்டர் இருக்க வேண்டும். நாம் தூங்கியதற்கெல்லாம் பேஸ்லைன் மாறக்கூடாது.

கம்பிகட்டி:
சேஞ்ச் லாக்கை நான் எதிர்க்கவே இல்லை. "இங்கே ஒரு சுவரை நகர்த்துங்க, சின்ன வேலைதானே" என்று வாய்வார்த்தையில் சொல்லிவிட்டு, கடைசியில் லேட் என்று நம் தலையில் கட்டுவது வாடிக்கை. அது எழுத்தில் இருந்தால் சைட்டுக்குத்தான் லாபம். அடுத்த மூன்று வாரத்துக்கான லுக்-அஹெட்டும் வேண்டும், எங்கள் ஆட்களை உட்கார வைத்துப் போட்டால். ஆயிரக்கணக்கான வரி ஷெட்யூல், மாதம் ஒரு எஸ்-கர்வ், இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட வேண்டுமென்றால் அளவு எடுப்பது என் ஆட்களாக இருக்க வேண்டும்.

ஃப்ளோட்பூஜ்யம்:
அங்கேதான் ஒத்துப்போக முடியாது சார். மாத பில் போடுகிறவரே அளவும் எடுத்தால் 90 மறுபடியும் 90-தான். என் ஆள் டேப்பைப் பிடிக்கட்டும், உங்கள் ஆள் பக்கத்தில் நிற்கட்டும், இருவரும் அதே இடத்தில் கையெழுத்து.

கம்பிகட்டி:
உங்கள் ஆள் ஏணி ஏறுவாரா? அதை முதலில் சொல்லுங்கள்.