ஓடிக்கிட்டு இருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகுது, 20 நிமிஷம் விட்டா ஸ்டார்ட் ஆகுது. பெட்ரோல் பம்ப்பா?

சேலத்தான்77
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட 2010 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. ரெண்டு மாசமா ஒரே தலவலி. ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணும் ஆகறதில்ல, ஹைவேல ஒரு 40 நிமிஷம் போனப்புறம், அதுவும் வெயில் நேரத்துல, மிதிச்சாலும் இழுக்காம ரெண்டு மூணு தடவ குலுங்கிட்டு ஆஃப் ஆயிடுது. உடனே சாவி போட்டா செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்காது. ஓரங்கட்டிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுது!

போன வாரம் தொப்பூர் கணவாய் ஏத்தத்துல நின்னுடுச்சு. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிரேக் மூணாவது மிதிக்கு இறங்கவே இல்ல, பின்னாடி லாரிக்காரன் ஹார்ன வெச்ச கைய எடுக்கல. வீட்டம்மா இனிமே பஸ்லதான் வருவேன்னுட்டாங்க.

மெக்கானிக் பிளக் நாலையும் மாத்தி, காயில் மாத்தி, த்ராட்டில் பாடி கிளீன் பண்ணி 7,400 வாங்கிட்டார். இன்ஜின் லைட் எரியல, ஸ்கேனர்ல எரர் கோடும் இல்ல. இப்ப பம்ப் மாத்திப் பாக்கலாம்ங்கறார். பாக்கலாம்ங்கற வார்த்தைதான் பயமா இருக்கு. இன்னொண்ணு, டேங்க் கால்வாசிக்குக் கீழ இருக்கும்போதுதான் இது ஜாஸ்தி வருதுன்னு தோணுது.

மதுரக்காரன்
ப்ரோ எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை. 20 சதவீதம் கலக்கறான், 2010 வண்டி அதுக்கு செஞ்சதே இல்ல. டேங்க்ல தண்ணி கட்டியிருக்கும், காலி பண்ணிட்டு புதுசா அடிங்க.

பழைய ஸ்பேனர்
தம்பி மதுர, எத்தனால் தண்ணிய இழுக்கும், வாஸ்தவம். பழைய டேங்க்ல ஒட்டிக்கிட்டு இருக்கற கசடையும் கழுவிக் கொண்டாந்து ஃபில்டர்ல சேக்கும். ஆனா தண்ணின்னா காலைல குளுரு ஸ்டார்ட்லயே மல்லுக்கட்டும், டீ குடிச்சா சரியாகாது. இது சூட்டுல வர்ற கோளாறு.

சேலத்தாரே, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஆஃப் ஆகும்போது ஆர்பிஎம் முள்ளு எப்படி விழுது? வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போதே முள்ளு பொத்துனு சைபருக்கு விழுந்தா இன்ஜின் சுத்துதான்னு பாக்கற கிராங்க் சென்சார் மேல சந்தேகப்படணும், அதுவும் சூடானா சாகும், ஆறினா எந்திரிக்கும், அதனால நெறைய பேர் அதை பம்ப்புன்னு நெனச்சு ஏமாந்திருக்காங்க. குலுங்கி, தம் கட்டி, மெதுவா சாகறதுன்னா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். உங்க கதை ரெண்டாவதுதான்னு நெனைக்கறேன்.

அடுத்த தடவ நின்ன உடனே பெட்ரோல் மூடியத் திறங்க. புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்து, உடனே ஸ்டார்ட்டும் ஆனா டேங்க் வென்ட், அதாவது காத்துப் போற ஓட்டை, அடைச்சிருக்கு, காசு செலவே இல்ல. சத்தம் இல்லைன்னா இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணிட்டு பின் சீட்ல காத வெச்சுக் கேளுங்க, பம்ப் அதுக்கு அடியில டேங்க் உள்ளதான் இருக்கு, ரெண்டு செகண்ட் ஙொய்ங்னு பம்ப் சுத்தணும்.

சேலத்தான்77
நன்றிண்ணே. முள்ளு மெதுவாதான் விழுது. நேத்து ஓமலூர் தாண்டி நின்னுச்சு, மூடியத் திறந்தேன், சத்தமே இல்ல. பின் சீட்ல காது வெச்சா சத்தம் கேக்குது, ஆனா காலைல கேக்கற மாதிரி இல்ல, கம்மலா இருக்கு. அப்ப பம்ப்தானே? வாங்கிடட்டா?

பழைய ஸ்பேனர்
அவசரப்படாதீங்க. கம்மலா சுத்துதுன்னா பம்ப் தேஞ்சிருக்கலாம், இல்ல பம்ப்புக்குப் போற கரண்ட் பத்தாம இருக்கலாம். பம்ப்புக்குக் கரண்ட் விடற சுவிட்ச், அதாவது ரிலே, அதோட கால்ல சால்டர் விட்டிருந்தாலும் இதேதான், எர்த் துரு பிடிச்சாலும் இதேதான். கரண்ட் கோளாறுன்னா புது பம்ப்பும் நாலு நாள்ல இதே பாட்டு பாடும்.

டேங்க் விஷயத்துக்கு வர்றேன். பம்ப் பெட்ரோலுக்குள்ள முங்கி இருக்கறதுதான் அதுக்கு ஏசி. கால்வாசிக்குக் கீழ போனா சூடாகும், சூடான மோட்டார் திணறும். அதனால பழக்கத்த மாத்துங்க, அரை டேங்க் எப்பவும் இருக்கட்டும்.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்
அண்ணன் சொன்னது கரெக்ட். அளந்து பாக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு, அதைச் சொல்லிடறேன். வண்டி நின்னப்புறம் மீட்டர் வெச்சுப் பாத்தா பிரயோஜனம் இல்ல, இன்ஜின் சுத்தறது நின்ன ரெண்டு மூணு செகண்ட்ல ஈசியூ (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) பம்ப் ரிலேவ கட் பண்ணிடும், சைபர்தான் காட்டும், அதைப் பாத்துட்டு கரண்ட் வரலைன்னு வயரிங்க நோண்டி நாசம் பண்ணிடுவாங்க. சாகும்போதே பாக்கணும். பின் சீட்டைத் தூக்கி பம்ப் சாக்கெட்டுக்கு வர்ற ரெண்டு வயர்லயும் பின்பக்கமா குண்டூசி மாதிரி மெல்லிசு புரோப் சொருகி, அதுலருந்து நீளமா வயர் இழுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒரசாம நல்லா டேப் சுத்தி, மீட்டரை முன் சீட்டுக்குக் கொண்டாந்துடுங்க. பக்கத்துல ஒரு ஆள் மீட்டரையே பாத்துக்கிட்டு வரட்டும். வண்டி ஓடும்போது பேட்டரில 13.8, 14 இருக்கும், பம்ப்லயும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கணும். திணறும்போது 10, 9னு இறங்கினா ரிலே, வயர், எர்த் பக்கம் தேடுங்க. இறங்காம நின்னா சாக்கெட்லருந்து உள்ள எங்கயோ.

முடிஞ்சா ஃபுயல் பிரஷர் கேஜும் மாட்டச் சொல்லுங்க. இந்த மாதிரி வண்டிகள்ல பெரும்பாலும் 3 பார் சுத்தி இருக்கும், சர்வீஸ் மேனுவல்ல பாத்துக்கோங்க. பைப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸைப் புடுங்கிட்டு இன்ஜின் தானா சாகற வரைக்கும் ஓட விடணும், இல்லைன்னா பெட்ரோல் மூஞ்சில பீச்சும்.

மதுரக்காரன்
எங்க தாத்தா அம்பாசிடர்ல பம்ப் மேல ஈரத்துணி சுத்துவாரு, அத ட்ரை பண்ணுங்க 😄

பழைய ஸ்பேனர்
அது இன்ஜின் மேல இருந்த பம்ப்பு. இதுக்கு டேங்க் உள்ளதான் துணி போடணும்.

சேலத்தான்77
அப்டேட். ஞாயித்துக்கிழமை பையன முன்னாடி உக்கார வெச்சு, மீட்டர அவன் மடியில குடுத்து, வேணும்னே ரிசர்வ்ல தருமபுரி ரோட்டுல போனேன். 13.7, 13.7, 13.7னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிட்டே வந்தான். ஏத்தத்துல வண்டி குலுங்க ஆரம்பிச்சுது, அப்பவும் 13.7. செத்துச்சு, ரெண்டு செகண்ட் கழிச்சு சைபர்.

அப்படின்னா சாக்கெட்லருந்து உள்ளதானேன்னு ஓரமா நிறுத்தி, பேட்டரி நெகட்டிவக் கழட்டிட்டு சாக்கெட்டப் புடுங்கப் பாத்தா வரவே மாட்டேங்குது. ஆட்டி ஆட்டி எடுத்தா ஒரு பின் மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை கலர்ல இருக்கு, சுத்தி பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கு. ஓடும்போது கை வெச்சிருந்தா சுட்டிருக்கும்.

கோவை ஆட்டோ எலக்ட்ரிக்
அதான். பின் லூசாகி சூடாகி இருக்கு, அந்த எடத்துலயே வோல்ட் போயிடும், மீட்டர் வயர் பக்கம் இருந்ததால தெரியல. ஆனா சாக்கெட் மட்டும் மாத்தி விட்டுடாதீங்க. ஃபில்டர் அடைச்சா பம்ப் முக்கித் தள்ளும், கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், பின் கருகும். பம்ப், ஃபில்டர் எல்லாம் சேந்த மாட்யூலத் தூக்கிப் பாருங்க.

சேலத்தான்77
பாத்தாச்சு. கீழ இருக்கற வலை பூரா கருப்பு சேறு, ஃபில்டரும் அதே கதி. மாட்யூல் முழுசா, சாக்கெட் வயரோட, மாத்தி டேங்கும் கழுவியாச்சு. பத்து நாளாச்சு, தொப்பூர் மூணு தடவ ஏறிட்டேன், ரிசர்வ்லயும் ஏறினேன், ஒரு குலுங்கல் இல்ல. ஆனா புது மாட்யூல் போட்டதுலருந்து ஃபுல் டேங்க் அடிச்சாலும் பெட்ரோல் முள்ளு முக்கால்தான் காட்டுது.

பழைய ஸ்பேனர்
வெளிக் கம்பெனி மாட்யூலா? பெட்ரோல் அளவு பாக்கற மிதவையோட கம்பி அளவு மாறியிருக்கும். பழசுல இருக்கற மிதவையக் கழட்டி இதுல போட்டுக்கோங்க, பொருந்தினாலும் பொருந்தும். பழச வெச்சிருக்கீங்கல்ல?

சேலத்தான்77
நேத்துதான் எடைக்குப் போட்டாங்க வீட்டுல.