புதுப்பிப்பு: புது வீட்டுப் பின்புறத் தோட்டம், நாலு மாதம் கழித்து

ஆனியில் எழுதியிருந்தேன்: வாங்கிய வீட்டின் பின்புறம் அரை சென்ட், இடுப்பளவு பார்த்தீனியம், அடியில் கோரை. "களைக்கொல்லி அடிக்காமல் மீட்க முடியுமா?" என்று கேட்டிருந்தேன். முடிகிறது.

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கினோம். இரண்டே நாள் வேலை. கோரைதான் உயிரை வாங்கியது. தார்ப்பாயால் மூடச் சொன்னீர்கள், மூடினேன். மூன்றாம் வாரம் ஊசி மாதிரி பாயைக் குத்திக்கொண்டு முளை வெளியே நிற்கிறது! இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும், அதிலிருந்து மறுபடி முளைக்கும். அதனால் ஓரடி ஆழம் கொத்தி, மண்ணைச் சலித்துப் பொறுக்கினோம். கருப்பு மணி மாதிரி கிழங்கு, நசுக்கினால் அப்படி ஒரு வாசனை. கூடவே பழைய சிமெண்ட் கட்டி, ஓட்டுச் சில்லு எல்லாம் வந்தது.

ஆடியில், மண்ணுக்கே உரமாகட்டும் என்று, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நாற்பத்தைந்தாம் நாள், பூவெடுக்கும்போது, மண்ணோடு மடக்கிக் கொத்திவிட்டோம்.

இப்போது வரப்பிலிருந்து கொண்டுவந்த அருகம்புல்லைச் சாண் இடைவெளியில் நட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு வேர் பிடித்துவிட்டது. வடக்கு மூலையில் மட்டும் கோரை இன்னும் தலைகாட்டுகிறது. ஞாயிறுதோறும் தோண்டுகிறேன்.